டர்பன் உறவுகளின் ஊர் எது?

தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்வீகம் தேடி வரும் தமிழர்கள் குடும்பப் பெயரைத்தான் பெரிதாக நம்புகிறார்கள். கோவெண்டர் என்றால் கவுண்டர், மூட்லி என்றால் முதலி. சரி, ஆனால் அதை வைத்து ஊரைப் பிடிக்க முடியாது. கப்பலேறிய பலருக்கு ஒற்றைப் பெயர்தான்; அப்பா பெயரே பிறகு குடும்பப் பெயராகிவிட்டது.

கப்பல் பட்டியலைத் தேடுங்கள். சென்னையில் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். அந்தத் தழும்பு வரியைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்திருக்கும். வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும். தேடுகிறவர்கள் கேட்டால் உதவுங்கள், நம் ஜனம்.