வேறு வேறு ராம், ஒரே போர்டு

நவம்பர் 4, கோத்தகிரி

பக்கத்துக் கடை அக்கா கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கம்ப்யூட்டர் தவழ்கிறது. உள்ளே 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) ஒன்றுதான். கோரல்டிராவோடு பிரவுசரையும் திறந்தால் ஹார்டு டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. என்னிடம் 8 ஜிபி ராம் ஒன்று சும்மா கிடக்கிறது.

“ஜோடியா ஒரே கம்பெனி ராம்தானே தம்பி போடணும்?” என்று அக்காவுக்குத் தயக்கம். கம்பெனி வேறாக இருக்கலாம். தலைமுறை வேறாக இருக்கக்கூடாது. இவை இரண்டுமே டிடிஆர்4, 1.2 வோல்ட். முந்தைய தலைமுறையான டிடிஆர்3-க்கு விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், இந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

நவம்பர் 5

மாட்டியதும் 12 ஜிபி காட்டியது. பழையதின் வேகம் 2400, என்னுடையது 2666. மெதுவானது எதுவோ அதன் வேகத்தில்தான் இரண்டும் ஓடும். இங்கே அதனால் நஷ்டமும் இல்லை, ஐ3-7100 பிராசசருக்கு உச்சமே 2400தான். அளவு வேறானாலும் இந்த போர்டில் இரண்டிலிருந்தும் தலா 4 ஜிபி சேர்ந்து இரட்டைச் சேனலாக, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடும். மிச்சம் 4 மட்டும் ஒற்றையில்.

மாலையில் கோரல் தானாக மூடிக்கொண்டது. அப்புறம் விண்டோஸே நின்றுபோய் நீலத்திரை.

நவம்பர் 6

ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் போட்டுவிட்டுப் படுத்தேன். மழையில் கரண்ட் போய், காலையில் மறுபடி முதலிலிருந்து. திரை முழுக்கப் பிழைகள். ராமில் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் சேமிக்கும் ஃபைல் சத்தமில்லாமல் கெடலாம். அதனால் சரியாகும்வரை இதில் எந்த வேலையும் வேண்டாம் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பூட் ஆகிவிட்டது என்பதை வைத்து ராம் சரி என்று முடிவு கட்டவே கூடாது.

நவம்பர் 7

இந்தக் குளிரிலும் ஈரத்திலும் பின்கள் மங்கிவிடும். அழிரப்பரால் லேசாகத் தேய்த்தேன். தனித்தனியாக, இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. சேர்த்துப் போட்டால் பிழை. ஆக, எந்த ராமும் பழுதில்லை. இரண்டும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்கவில்லை.

பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) ராம் வேகத்தை 2133 ஆக இறக்கினேன். பிழை நின்றது! ஒரு சேனலுக்கு விநாடிக்கு 19.2 ஜிபி போய் 17 ஜிபி ஆகிறது, அவ்வளவுதான். ராம் போதாமல் ஹார்டு டிஸ்க்கை நம்பி ஓடுவதோடு பார்த்தால் இது ஒரு இழப்பே இல்லை.

நவம்பர் 8

இரவு முழுக்க ஓடியும் சுத்தம். அக்காவிடம் கொடுத்தாயிற்று. பயாஸ் பேட்டரி தீர்ந்தால் 2133 அழிந்து பழைய வேகத்துக்கே போய்விடும் என்பதால், அதைக் கேபினட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.