வரப்பும் முள்கரண்டியும்

நம் பள்ளி பிசிக்ஸ் சாரின் மறைவுச் செய்தி, சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த சில நாளிலேயே சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஒளிவிலகலை அவர் நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் விடுதிக்காரர்கள் யாரைக் கேட்டாலும், சாப்பாட்டுக்கூடத்தில் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தபடி நடந்த சாரைத்தான் சொல்வார்கள். "கையைக் காட்டுடா" என்ற குரலுக்கு நம் வயதுக்காரர்கள் இன்றும் திடுக்கிடுவோம்.

சட்டம் எளிது. சோறு விரலின் இரண்டாம் கணுவைத் தாண்டக்கூடாது, உள்ளங்கை நனையக்கூடாது. நனைந்தவன் பந்தி எழும்வரை எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு தூணோரம் நிற்க வேண்டும். குழம்பு முழங்கைக்கு வழியும், ஆறாம் வகுப்புப் பொடியன்கள் சிரிப்பார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர் இன்று மலர்க்குழுவில் இருக்கிறார். பெயரை எழுதினாலும் வெட்டிவிடுவார். கொடுமைதான், இன்றைக்கு எந்தப் பெற்றோரும் சும்மா விடமாட்டார்கள். ஆனால் சார் தண்டித்த கையோடு காரணமும் சொல்வார். அதனால்தான் அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் இலை போடும்போதுதான் உண்மையான சோதனை. தட்டுக்கு விளிம்பு உண்டு, இலைக்குக் கிடையாது. கூடத்துத் தரையோ தொட்டிப் பக்கம் சரிவு. "வரப்பு கட்டத் தெரியாதவனுக்கு ரசம் ஊத்தாதீங்க" என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவைப்பார். அவர் சொன்ன முறை இது: முதலில் சோற்றை விரல்நுனியால் மசிக்க வேண்டும். முழுப் பருக்கை ரசத்தைக் குடிக்காது, உடைந்தது குடிக்கும். பிறகு நடுவில் குழி, சுற்றிலும் கரை. நம் பக்கத்துக் கரை கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும். அரைக் கரண்டி வாங்கி, ஊறவிட்டு, வெளியிலிருந்து உள்ளே தள்ளிப் பிசைந்துவிட்டு, அப்புறம் மீதி அரைக் கரண்டி. ஒரே வீச்சில் வாங்கினால் ஊறுவதற்குள் கரை உடைந்து, நடுநரம்புப் பள்ளத்தோடு ஓடிவிடும். எடுக்கும்போது நாலு விரலும் சேர்ந்து தாங்கும், கட்டைவிரல் பின்னாலிருந்து வாய்க்குள் தள்ளும். உள்ளங்கைக்கு வேலையே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவர்களுக்கு அவர் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் வைத்திருந்தார். அவருடைய அப்பா பினாங்கில் இருந்து திரும்பியவர். வீட்டில் இருந்த முள்கரண்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள். "இடது கை தள்ளுறதோட சரி, வாய்க்கு வரக்கூடாது." சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோற்றுக்கு இதுதான் வழக்கம் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இடக்கையால் உண்ணக்கூடாது என்று வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கத்தியும் முள்ளுமாகச் சாப்பிடும் ஐரோப்பிய முறையில் இடக்கை முள் நேராக வாய்க்குப் போகும். நம் பையன்கள் தடுமாறுவது அங்கேதான்.

சீனர்கள் சாப்பிடும் இரட்டைக் குச்சியை மட்டும் சார் சொல்லித்தரவில்லை. சீனர் என்றால் குச்சி, நாம் என்றால் கை என்று ஊரில் நினைத்திருந்தோம். சிங்கப்பூர் உணவங்காடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். மீ எனும் நூடுல்ஸ் சூப்பைக் குச்சியால் எடுக்கும் அதே சீனப் பாட்டி, கோழிச் சோற்றுக்குக் கரண்டியும் முள்ளும் எடுக்கிறார். தட்டையான தட்டிலிருந்து சோற்றைக் குச்சியால் வாருவது வெட்டி வேலை. கிண்ணமாக இருந்தால் கையில் தூக்கி, உதட்டருகே வைத்துத் தள்ளிவிடலாம். காத்தோங் லக்சா என்ற தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸில் மீயை முன்பே துண்டாக வெட்டிவிடுவதால் குச்சியே வேண்டாம், வெறும் கரண்டிதான். எதில் பரிமாறுகிறார்கள், சோறு ஒட்டுமா உதிருமா என்பதைப் பொறுத்தே கை எதையும் எடுக்கிறது.

நம் சோறு குச்சிக்கு ஏன் அகப்படுவதில்லை? அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடின அரிசி உதிரும், குறைந்தது ஒட்டும். நம்முடையது பெரும்பாலும் முதல் ரகம். அதோடு புழுங்கல்: நெல்லை உமியோடு அவிக்கும்போது மாவுச்சத்து இளகி, காயும்போது இறுகிவிடுகிறது. போதாததற்குக் கஞ்சியை வடிக்கிறோம். ஒட்ட வேண்டிய பசை கஞ்சியோடு போய்விடுகிறது. ஜப்பானில் அளந்து வைத்த தண்ணீர் முழுதும் அரிசிக்குள்ளேயே சுண்டும், அதனால் கட்டியாக எழும்பி வரும். விடுதியின் ஐ.ஆர். 20 ரக அரிசிச் சோற்றைக் குச்சியால் எடுக்கச் சொல்லியிருந்தால் தூணோரம் இடம் போதாது.

இதில் ஒரு வேடிக்கை. 1986-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவின் மசூரி நெல்லிலிருந்து வந்தது. அந்த மசூரியோ தைவானின் தைச்சுங் 65-ஐயும் மலாயாவின் மாயாங் எபோஸையும் கலந்து எடுத்தது. 1965-இல் குறுவைக்கு வந்த ஆடுதுறை 27-க்கும் ஒரு பக்கத்து உறவு ஜப்பானின் நோரின் 10. குச்சி நாட்டு நெல்லின் பேரப்பிள்ளையைத்தான் டெல்டாவில் கையால் பிசைந்து தின்றிருக்கிறோம். சாரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வகுப்பே எடுத்திருப்பார். ஊருக்குப் போகிற லீவெல்லாம் கல்யாணத்திலும் பத்திரப்பதிவிலும் முடிந்துபோயிற்று.

புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்குக் குச்சி பற்றி: கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரல் இடுக்கில் பதிந்து, மோதிரவிரலின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேல்குச்சியைப் பேனாப் பிடியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் பிடிக்கும். திறந்து மூடுவது அது மட்டுமே. நுனிக்குக் கிட்டே பிடித்தால் குச்சிகளின் வாய் திறக்காது, நுனிகள் ஏறி இறங்கியிருந்தால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். பிடியை இறுக்க இறுக்க மீன் உருண்டை எகிறும்; அதைக் கிண்ணத்தோரம் ஒதுக்கிக் கரண்டியில் ஏற்றுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. மெலமைன் குச்சி வழுக்கும், பழக மரமோ மூங்கிலோ நல்லது. சீனக் குச்சி நீளம், நுனி மொட்டை. ஜப்பானியக் குச்சி குட்டை, நுனி கூர்மை, மீன் முள்ளைப் பிரிக்க வாகாக இருக்கும். கொரியர்கள் உலோகக் குச்சி வைத்திருந்தாலும் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். சோற்றில் குச்சியை நட்டுவைக்காதீர்கள், இறந்தவர்க்குப் படைக்கும் சோற்றில் ஊதுவத்தி நட்டதாக ஆகிவிடும். இலையை எதிர்ப்பக்கம் மூடினால் முகம் சுளிக்கிற நமக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம் பிள்ளைகள் கை, கரண்டி-முள், குச்சி மூன்றையும் கற்றுக்கொண்டார்கள், வரிசைதான் தலைகீழ். குச்சி பாலர் பள்ளியிலேயே வந்துவிட்டது. கை, ஊருக்குப் போனால் மட்டும். கும்பகோணத்துக் கல்யாண மண்டபங்களில் நம்மைக் கண்டதும் அன்போடு ஒரு ஸ்பூனை இலையோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். சொல்கிறோமா?

ஆண்டு விழாவுக்கு இலைச் சாப்பாடு என்று அறிவித்திருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் கவனத்துக்கு: பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இலை நகரும், கீழே ஒரு தாள் போடுங்கள். முள் குத்தினால் இலை நரம்போடு கிழியும். முள்கரண்டி வைப்பதானால் ரசத்தை டம்ளரில் கொடுத்துவிடுங்கள்.