தயவில் நிற்கும் சாமிகள்

எங்கள் கோயில் செயலவையில் இரண்டு கோப்புகள் உண்டு. திருவிழாக் கோப்பு தடித்தது. உபயக்காரர் பட்டியல், மேளக்காரர் ரசீது, பந்தல் கணக்கு, போலீஸ் அனுமதி, ஒய்.பி. என்று நாங்கள் அழைக்கும் மக்கள் பிரதிநிதிக்கு அனுப்பிய அழைப்பிதழின் நகல் என்று ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகும். நிலக் கோப்பு மெலிந்தது. தோட்ட நிர்வாகி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையெழுத்திட்ட, ஓரம் செல்லரித்த அனுமதிக் கடிதம் ஒன்று; பழைய மின்கட்டண ரசீதுகள் சில; தீமிதியன்று வெள்ளைக்காரத் துரை தொப்பியோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. துரையே வந்து நின்ற கோயிலை எவன் தொடுவான் என்று எங்கள் பெரியவர்கள் நெடுங்காலம் அந்தப் படத்தையே பட்டாவாக நம்பியிருந்தார்கள்.

சமயமும் அரசியலும் கலக்கலாமா என்ற விவாதம் மலேசியாவில் ஓய்வதே இல்லை. தலைநகரத்து அறிஞர்கள் அதை மதச்சார்பின்மை, இஸ்லாமிய அரசு என்று கொள்கை அளவில் பேசுகிறார்கள். கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பீடோங் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு பார்க்கும் எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. இங்கே எங்கள் சமயம் முழுவதும் யாரோ ஒருவருடைய தயவில் நடக்கிறது. அந்தத் தயவைக் கொடுப்பதும் வாங்குவதுமே எங்கள் அரசியலாகிவிட்டது.

தொடக்கமே அப்படித்தான். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு அருகே கல்லை நட்டு மாரியம்மன் என்றும், எல்லையில் ஒரு மரத்தடியில் முனியாண்டி என்றும் கும்பிட்டுக்கொள்ளத் துரைமார்கள் தடை சொல்லவில்லை. கோயில் இருந்தால் ஆட்கள் தோட்டத்தை விட்டு ஓடமாட்டார்கள் என்பது அவர்களின் கணக்கு. திருவிழாவுக்கு விடுப்பு கொடுத்தார்கள், சிலர் நன்கொடையும் கொடுத்தார்கள். நிலத்தை மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு தோட்டங்கள் கைமாறின, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது தாமான்கள் என்னும் வீடமைப்புக் குடியிருப்புகள் வருகின்றன. லயத்து மக்கள் பட்டணத்தின் அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். வார நாட்களில் விளக்கேற்றுவது ஒரு பாட்டியும், தோட்டத்தில் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கும் நேப்பாளத் தொழிலாளர்கள் சிலரும்தான். சாமி மட்டும் பழைய இடத்திலேயே, யாருடைய நிலத்திலோ நிற்கிறது.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். எத்தனை தலைமுறை இருந்து கும்பிட்டாலும் நீண்டகால அனுபவத்தைக் காட்டி உரிமை கோர முடியாது. ஆகவே, நூறாண்டு கடந்த கோயில்கூட, நிலத்தின் புது உரிமையாளர் ஒரு நோட்டீஸ் அனுப்பிய நாளில் ‘சட்டவிரோதக் கட்டுமானம்’ ஆகிவிடுகிறது. பத்திரிகைகளில் அந்தச் சொல்லைப் படிக்கிற வெளியாருக்கு நேற்று ராத்திரி யாரோ திருட்டுத்தனமாகக் கட்டியது போலத் தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அரசியலமைப்பு எங்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்று சொல்லும்போதே மற்ற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்கிறது. பதினொன்றாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு சமயக் குழுவும் தன் காரியங்களைத் தானே நிர்வகிக்கவும், சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை உண்டு என்கிறது. கும்பிடும் உரிமையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிற நம் தலைவர்கள் இந்தச் சொத்துரிமை வரியை எடுத்துச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. இஸ்லாமிய சமய நிர்வாகமும் மாநிலத்தின் அதிகாரமே. முஸ்லிம்களின் வழிபாட்டிடங்களைக் கவனிக்க மாநிலந்தோறும் சட்டப்படி அமைந்த சமய மன்றம் உண்டு. இந்துக்களுக்கு அப்படிப்பட்ட சட்ட அமைப்பு பினாங்கில் மட்டும், பிரிட்டிஷ் காலத்துச் சட்டத்தின் வழியாக, அறப்பணி வாரியமாக இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் அந்த மாநிலம். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கோயிலும் தன் கையால் தானே கரணம் போட வேண்டும்.

தைப்பூச விடுமுறையும் இந்தக் கதைதான். பினாங்கு, பேராக், சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் அது பொது விடுமுறை. கெடாவில் அது மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், அவ்வப்போது அறிவிக்கும் சிறப்பு விடுமுறையாக இருந்துவந்தது. 2021இல் மந்திரி பெசார் சனுசி, கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டால் ஊர்வலமே இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி அதை ரத்து செய்தார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை இத்தனை ஆண்டும் வெற்றி என்று ஏன் கொண்டாடினோம் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை.

கெடாவில் இருந்துகொண்டு கடாரத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 1025இல் ராஜேந்திர சோழன் கடற்படை அனுப்பிய கடாரம் இதுதான் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உள்ள பெருமை சொல்லி முடியாது. ‘கடாரம் கொண்டான்’ என்று தொடங்காத பொங்கல் விழாப் பேச்சு இங்கே அபூர்வம். அந்தப் பெருமைக்குச் சான்றாக நாங்கள் காட்டும் பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டு கடந்த பதினொன்றாம் எண் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சத்தை, 2013இல் ஒரு வீடமைப்பு நிறுவனம் தரைமட்டமாக்கியது. விசாரித்தபோது, அது தனியார் நிலம், தொல்லியல் இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்று விளக்கம் வந்தது. சோழன் காலத்துக் கல்லுக்கும் எங்கள் முனியாண்டிக்கும் வந்த ஆபத்து ஒன்றே. இரண்டுக்கும் கையில் காகிதம் இல்லை.

2007 அக்டோபர் 30ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் நாள், ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் பேரணிக்குக் கோலாலம்பூரில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். முந்திய இரவே பத்துமலை அடிவாரத்தில் கண்ணீர்ப்புகை பாய்ந்தது. அங்கே எழுந்த குரலில் கோயில் மட்டும் இல்லை; தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வீடு, வேலை, தமிழ்ப்பள்ளி எல்லாம் இருந்தன. அத்தனையும் இந்து என்ற பெயரில் வெளிவந்ததற்குக் காரணம், ஏழைத் தமிழன் எல்லோரும் காணும்படி இழந்த பொருள் கோயிலாக இருந்ததுதான். அதே லயத்தில் பிறந்து மாதா கோயிலுக்குப் போகிறவனும், தொழுகைக்குப் போகிற தமிழ் முஸ்லிமும் அந்தப் பெயருக்குள் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு அன்று இடமிருக்கவில்லை. இன்றும் தமிழர் என்றால் இந்து என்று எண்ணுகிற பழக்கம் எங்கள் சங்கங்களில் மாறவில்லை. தமிழ்ப்பள்ளி விழாவுக்குக் கிறிஸ்தவப் பெற்றோர் வந்து ஒதுங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு மார்ச் 8 தேர்தலில் நடந்ததை இளையவர்கள் நம்பமாட்டார்கள். கோயில் இடிபட்ட கோபத்தில் கெடா இந்தியர்களில் கணிசமானோர் அப்போது ஆட்சியிலிருந்த தேசிய முன்னணிக்கு எதிராக, பாஸ் கட்சிக்கே வாக்களித்தார்கள். மாநில ஆட்சி பாஸ் தலைமைக்குப் போனது. இஸ்லாமிய அரசு கேட்கிற கட்சிக்கு மாரியம்மன் பக்தர்கள் ஓட்டுப் போட்டதை அன்று பலர் முரண் என்றார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. ஆட்சி செய்பவரைப் பொறுத்துத்தான் கோயில் நிற்கும் என்றால், ஆட்சியாளரை மாற்றிப் பார்ப்பதே பக்தனுக்குத் தெரிந்த வழி. அதன்பின் 2013இலும் 2018இலும் 2020இலும் மாநில ஆட்சி கைமாறியது. எங்கள் திருவிழா மேடையிலும் ஒவ்வொரு முறையும் முன்வரிசைப் பொன்னாடைகள் தோள் மாறின.

அந்த மேடையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அம்மனுக்கு அலங்காரம் முடிந்து தீபாராதனை தொடங்கும் நேரம், ஒய்.பி.யின் வண்டி இன்னும் வரவில்லை என்று கைப்பேசியில் செய்தி வந்ததும் குருக்களுக்குச் சைகை போகும், தீபாராதனை தாமதப்படும். அம்மன் காத்திருப்பாள். அவர் வந்ததும் மாலை, பரிவட்டம், பிறகு ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைக் காசோலை. அந்த அட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்தான் மறுநாள் நாளிதழில் வரும். பணம் தேவைதான், மறுக்கவில்லை. அந்தப் பணம் எப்போதும் பந்தலுக்கும் கூரைக்கும் வர்ணத்துக்கும் வருகிறது; நில அளவைக்கு என்று எந்தக் கட்சிக்காரரும் அட்டை நீட்டி நான் பார்த்ததில்லை. நாங்களும் கேட்பதில்லை. கூரை கேட்டால் மூன்று மாதத்தில் கிடைக்கும், நிலம் கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்ற பதிலோடு ஒய்.பி. அடுத்த ஆண்டு வராமல் போகலாம் என்ற பயம் செயலவையில் எல்லோருக்கும் உண்டு.

உட்பூசலையும் மறைக்கக் கூடாது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவின் சீஃபீல்டு மாரியம்மன் கோயிலில் நள்ளிரவில் கலவரம் மூண்டு, அதில் காயமுற்ற தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பரில் இறந்தபோது, அதை இனக் கலவரமாகத் திரிக்க முயன்றவர்கள் இருந்தார்கள். அதுவும் தோட்டக் கோயில்தான். தோட்டம் போய் நிலம் ஒரு மேம்பாட்டு நிறுவனத்திடம் சேர்ந்த பிறகு, கோயிலை நிர்வகிப்பது யார் என்று இரு தரப்பு வழக்காடியதும், 2014இல் நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானதும் பொதுவெளியில் உள்ள செய்திகள். இரண்டு தலைவர்கள், இரண்டு சாவிகள், இரண்டு உண்டியல்கள் உள்ள கோயில் எங்கள் வட்டாரத்திலும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் எந்த அதிகாரி யார் பெயருக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பார்?

இந்த வட்டாரத்துக்கு வேறொரு மரபும் இருந்தது. போர் முடிந்த கையோடு, 1946, 47களில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் அமைப்பு கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தது. பீடோங்கில் மறியல் போலீசாரோடு மோதலில் முடிந்தது. கூலிக்காரனின் மானத்தைப் பற்றிப் பேசியவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறை கோயிலில் கேட்டதும் சீர்திருத்தத்தையே. இன்று சீர்திருத்தம் என்ற பெயரில் முனியாண்டிக்குச் சுருட்டும் கிடாயும் நிறுத்தப்பட்டு, மரத்தடியில் பளிங்குத் தரையும் நவக்கிரகமும் வந்திருக்கின்றன. கிடா வெட்டு நின்றதில் எனக்கு வருத்தமில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் சிற்பிக்கும் குருக்களுக்கும் பெரும் செலவு செய்து, நாளை நோட்டீஸ் வந்தால் பெயர்க்க வேண்டிய தரையில் கும்பாபிஷேகம் நடத்துவதில்தான் வருத்தம்.

பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் என்னோடு தேநீர் குடிக்கும் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், ‘உங்கள் ஆட்கள் ஏன் மரத்துக்கு மரம் கோயில் வைக்கிறார்கள்?’ என்று ஒருமுறை கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தோட்டம் இருந்தது, மரமும் சாமியும் அதற்குள் இருந்தன, தோட்டம் போனபின் மரமும் சாமியும் சாலையோரத்தில் மிஞ்சிவிட்டன என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்படியென்றால் இது நில அலுவலகத்து வேலை அல்லவா, நான் மஸ்ஜிதில் கேட்டது வேறு மாதிரி’ என்றார். எங்கள் தலைவர்கள் இத்தனை ஆண்டுகளில் சொல்லாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவரைப் போன்றவர்களிடம் எங்கள் தரப்பைக் கொண்டுபோகாமல், எங்களுக்குள்ளேயே புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பொங்கிக்கொண்டிருக்கிறோம்.

2025 மார்ச்சில் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நூற்று முப்பது ஆண்டுப் பழமை சொல்லப்பட்ட பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் எழுந்தபோதும் இதுவே நடந்தது. அந்த நிலத்தை மாநகராட்சி 2014இலேயே தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே பள்ளிவாசல் எழுப்பப்படும் என்ற செய்தி வந்த பிறகே நாடு விழித்தது. கடைசியில் அருகிலேயே மாற்றிடம் ஒதுக்கப்பட்டு, கோயில் இடம்பெயரச் சம்மதித்தது. பள்ளிவாசலுக்குப் பதில் அங்கே பேரங்காடி வந்திருந்தால் இத்தனை பேச்சு எழுந்திருக்குமா என்று சந்தேகப்படுகிறேன். அம்மனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் தைப்பூசத்துக்குப் பிறகு கூடுகிறது. தோட்டத்தின் இப்போதைய உரிமையாளரிடம் கோயில் நிற்கும் இடத்தைத் தனித்துப் பிரித்துத் தரும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்பது, உரிமம் பெற்ற நில அளவையாளரை அமர்த்துவது, அதற்கான செலவை இந்த ஆண்டுத் திருவிழாக் கணக்கிலிருந்து எடுப்பது என்ற தீர்மானத்தை நான் கொடுத்திருக்கிறேன். வாணவேடிக்கையும் இரண்டாம் நாள் இசைக்குழுவும் இருக்காது. முன்மொழிய ஆள் கிடைத்துவிட்டது. வழிமொழிய இன்னும் யாரும் முன்வரவில்லை, இரண்டாம் நாள் உபயக்காரர் இப்போதே என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.