தனிம வரிசை அட்டவணை: மார்க் போவது விதியில் இல்லை, விலக்கில்

நீட் முடிவு வந்த சூட்டோடு எழுதுகிறேன். அட்டவணையில் இடமிருந்து வலம் அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) கூடும். மேலிருந்து கீழே நேர்மாறு. இது எல்லோருக்கும் தெரியும். நாலு மார்க்கும் போய் மைனஸ் ஒன்றும் விழுவது விலக்குகளில்.

என் கட்சி இதுதான்: இரண்டாம் வரிசையின் எட்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். முதல் அயனியாக்கும் ஆற்றல், கிலோஜூல்/மோல்: லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081.

ஏறிக்கொண்டே போகும் எண் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. போரானில் பிடுங்க வேண்டிய எலக்ட்ரான் 2பி ஆர்பிட்டாலில் (ஆர்பிட்டால் என்பது அணுவில் எலக்ட்ரான் இருக்கும் அறை மாதிரி) இருக்கிறது. பெரிலியத்தில் அது 2எஸ்-இல், கரு வரை ஊடுருவி, இறுக்கமாக. ஆக்சிஜனில் கதை வேறு. அதன் நான்காவது பி எலக்ட்ரான், ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலில் போய் ஜோடி சேர்கிறது. விலக்குவிசையால் எளிதில் கழல்கிறது. இரண்டுக்கும் ‘பாதி நிரம்பிய நிலை’ (நைட்ரஜனைப் போல மூன்று பி ஆர்பிட்டாலிலும் தலா ஒரு எலக்ட்ரான்) என்று ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டால் கூற்று-காரணம் கேள்வியில் மாட்டுவீர்கள்.

மூன்றாம் வரிசையிலும் இதே சறுக்கல்தான்: மெக்னீசியம் 738, அலுமினியம் 578, பாஸ்பரஸ் 1012, சல்பர் 1000.

இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் என்று கேட்டால் முதலில் ஒற்றை நேர் அயனியின் எலக்ட்ரான் அமைப்பை எழுதுங்கள். ஒரு எலக்ட்ரான் போன ஆக்சிஜனுக்கு நைட்ரஜனின் அமைப்பு. அதனால் இங்கே ஆக்சிஜன் (3388) நைட்ரஜனை மட்டுமல்ல, ஃபுளூரினையும் (3374) மயிரிழையில் முந்துகிறது. லித்தியத்துக்கு 7298; ஹீலியத்தின் கூட்டை உடைக்க வேண்டுமே!

மீதி சுருக்கமாக:

- எலக்ட்ரான் நாட்டத்தில் (தனி அணு ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல்) குளோரின் (349) ஃபுளூரினை (328) முந்தும். ஃபுளூரின் சின்ன அணு, உள்ளே நெரிசல். எலக்ட்ரான் கவர்தன்மையில் (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) ஃபுளூரின்தான் முதல். இரண்டையும் குழப்பித்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.
- ஆரம்: அலுமினியம் 143, காலியம் 135 பிக்கோமீட்டர். 3டி எலக்ட்ரான்கள் கருவைச் சரியாக மறைப்பதில்லை. சிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஏறக்குறைய சமம். அது லாந்தனைடு குறுக்கம்: இடையில் வரும் 4எஃப் எலக்ட்ரான்களும் கருவைச் சரியாக மறைக்காததால் அணு சுருங்குவது.
- ஒத்த எலக்ட்ரான் எண்ணிக்கை கொண்ட அயனிகளா? புரோட்டானை மட்டும் எண்ணுங்கள். அதிகம் இருப்பது சிறியது.
- ஒரு தனிமத்தின் அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களை 578, 1817, 2745, 11577 என்று கொடுத்துத் தொகுதி (அட்டவணையின் செங்குத்து நிரல்) கேட்டால் தாவல் எங்கே என்று பாருங்கள். மூன்றுக்குப் பின், ஆகவே 13. விடையில் 3-ஆம் தொகுதியும் இருக்கும், அவசரப்பட்டு அதைக் குறிக்காதீர்கள்.