நாலுல ஓகே

“அண்ணா, பன்னெண்டுலயும் எண்டர் தட்டிப் பாத்துட்டேன். எல்லாம் ஓகேன்னு வருது.”

“ஓகேன்னா சரிப்பா. நான் தூங்கப் போறேன்.”

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனும் நானும் ஃபோனில் இவ்வளவுதான் பேசினோம். நள்ளிரவு ஒன்றே கால் இருக்கும். இந்த இரண்டு வரிகளை அதற்கப்புறம் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஓட்ட ஓட்ட என் வரி அப்படியே நிற்கிறது. அவனுடைய வரிதான் மாறிக்கொண்டே வருகிறது.

மெஷினோடு நேராகப் பேசும் திரைக்குக் கன்சோல் என்று பெயர். எல்லா மெஷின்களின் கன்சோலையும் ஓரிடத்திலிருந்து பார்க்கவைக்கும் கன்சோல் சர்வரை அமைத்தது நான். சன் நிறுவனத்தின் பன்னிரண்டு மெஷின்களின் சீரியல் போர்ட்டுகளை, பல சீரியல் கோடுகளை நெட்வொர்க்கோடு சேர்க்கும் டெர்மினல் சர்வர் என்ற ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து, அதற்கு மேலே கன்சர்வர் என்ற மென்பொருளை உட்காரவைத்திருந்தேன். யாராவது கன்சோலைத் திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மெஷின் சொல்வதையெல்லாம் அது நேரத்தோடு கோப்பில் எழுதிவைக்கும். மென்பொருள் அரை நாள் வேலை. கேபிள்தான் உயிரை எடுத்தது. சன் பக்கம் 25 பின், இந்தப் பக்கம் ஆர்ஜே-45. எந்தக் கம்பி பேசும், எந்தக் கம்பி கேட்கும் என்று மாற்றி மாற்றிக் கோத்துப் பார்த்து, விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் முதல் ‘லாகின்’ வரி குப்பை எழுத்து இல்லாமல் வந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இனிமேல் அர்த்தராத்திரியில் மெஷின் அறைக்கு ஓடவேண்டாம் என்று நினைத்தேன்.

பிரேக் விஷயம் எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம். சீரியல் கோடு சும்மா இருக்கும்போது எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும். அது நேர் பக்கம் புரண்டு ஒரு எழுத்துக்கான நேரத்தைவிட அதிகமாக அங்கேயே நின்றால் அதற்குப் பெயர் பிரேக். 9600-இல் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லி விநாடிதான் ஆகும். டெர்மினல் சர்வரில் மின்சாரம் போய் வரும்போது கோடு தடுமாறுவதற்கு அது போதும். சன் மெஷின் அந்தத் தடுமாற்றத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை நடுவழியில் நிறுத்திவிட்டு, அடியில் இருக்கும், மெஷினைக் கிளப்பிவிடும் ஓப்பன்பூட் என்ற நிரலுக்குப் போய்விடும். ‘கோ’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தட்டும்வரை பிணம் மாதிரி கிடக்கும், இருக்கிறாயா என்று நெட்வொர்க்கில் கேட்கும் பிங்குக்குக்கூடப் பதில் தராது.

இதற்கு மருந்தும் உண்டு. சன்னின் இயங்குதளமான சொலாரிஸ் 8-இல், கேபிடி என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். அப்புறம் பிரேக் வந்தாலும் மெஷின் கண்டுகொள்ளாது. எண்டர், டில்டே, கண்ட்ரோல்-பி என்று வரிசையாகத் தட்டினால்தான் நிற்கும். எட்டு மெஷின்களில் இதைச் செய்தேன். மீதி நான்கும் சொலாரிஸ் 2.5.1 ஓடும் பழைய சன் அல்ட்ரா மெஷின்கள். அதில் இந்த வசதி இல்லை. எப்படியும் கொஞ்ச நாளில் கழற்றப்போகிற மெஷின்கள்தானே என்று விட்டேன். டெர்மினல் சர்வரின் வயரைப் பிடுங்கிச் சோதித்தும் பார்த்தேன், எட்டில் ஒன்றை மட்டும் மாட்டிவைத்துக்கொண்டு. ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சோதனை என் மனதில் ‘பன்னிரண்டும் சோதித்தாயிற்று’ என்று எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது.

ரேக்கின் பவர் ஸ்ட்ரிப்பை மாற்றவேண்டிய இரவு வந்தது. டெர்மினல் சர்வரை மட்டும் ஐந்து நிமிடம் அணைக்கவேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: “மெஷின் எதுவும் பாதிக்காதுல்லண்ணா?” “அது வெறும் கன்சோல்தான்பா” என்றேன். முந்தின இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. (இதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம், எழுத வந்தாலே கை தானாக எழுதுகிறது.) ஒரு தாளில் படிகளை எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு அலாரங்களை நிறுத்திவை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கன்சோலாகத் திறந்து எண்டர் தட்டு. பதில் வந்தால் முடிந்தது.

பதில் வந்தால். என்ன பதில் என்று எழுதவில்லை.

அவன் தட்டினான். எட்டு மெஷின்கள் ‘லாகின்’ என்றன. நான்கு மெஷின்கள் ‘ஓகே’ என்றன. கட்டளைக்குக் காத்திருக்கிறேன் என்று காட்டும் ஓப்பன்பூட்டின் ப்ராம்ப்ட் அது, அந்தச் சொல்தான். ஃபோர்த் மொழியில் எழுதப்பட்டது ஓப்பன்பூட். நீ சொன்னதை முடித்துவிட்டேன், அடுத்து என்ன என்பதை ஃபோர்த் ‘ஓகே’ என்றுதான் சொல்லும். ஆக அந்த மெஷின் பொய் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னான்.

இரண்டு மணிக்கு மறுபடி ஃபோன். இந்தத் தடவை இரவு வேலையில் இருந்த பயனர் ஒருவர். எல்லாம் உறைந்துபோய் நிற்கிறது என்றார். நிற்காமல்? நான்கில் ஒன்று எல்லாருடைய ஹோம் டைரக்டரியையும், அதாவது சொந்தக் கோப்புகளை, என்எஃப்எஸ் முறையில் நெட்வொர்க் வழியாகக் கொடுக்கும் மெஷின். மோடம் வழியாக உள்ளே வந்து, கன்சோலைத் திறந்து, எண்டர் தட்டினேன். இடது ஓரத்தில் இரண்டே எழுத்து, பக்கத்தில் கர்சர். வயிறு கலங்கியது. ‘கோ’ தட்டினேன். அடுத்த மூன்றிலும் தட்டினேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலைக்காக முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தன. அறுந்த இணைப்புகள் அறுந்ததுதான், இரவு ஜாப் ஒன்றைக் காலையில் மறுபடி ஓட்டவேண்டியிருந்தது. மற்ற கன்சோல்களில் வரிசையாக வந்து விழுந்த செய்தியை இன்னும் மறக்கவில்லை: ‘என்எஃப்எஸ் சர்வர் ஓகே’. அங்கேயும் அதே சொல்.

மறுநாள் அவனிடம் கேட்டபோது சொன்னான்: “எட்டுல லாகின் வருது, நாலுல ஓகே வருதுன்னு சொன்னேண்ணா.”

நான் அப்படிக் கேட்கவில்லை. ‘எல்லாம் ஓகே’ என்றுதான் கேட்டேன். அன்றைக்கு எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நாலுல ஓகே என்று சொல்லியிருந்தால் எவ்வளவு தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்திருப்பேன், எத்தனை வருடமாக இந்த மெஷின்களோடு குப்பைகொட்டுகிறேன். இதுதான் என் வாதம், இன்றைக்கும் அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சில நாள் அந்த அழைப்பை ஓட்டிப் பார்க்கும்போது அவன் குரலில் ‘நாலுல’ என்று தெளிவாகக் கேட்கிறது. அது உண்மையில் கேட்டதா, அவன் சொன்னபிறகு என் காது எழுதிச் சேர்த்துக்கொண்டதா? நாலு என்ற எண்ணிக்கைக்கு அன்றைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். எந்த நாலு என்று கேட்கத் தோன்றவில்லையா, கேட்டால் எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றியதா?

கன்சர்வரின் பதிவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதிவைக்கத்தான் அதை அமைத்தோம். ஒரு மணி ஐந்தோடு எழுத்து நிற்கிறது, எட்டு நிமிடத்துக்கப்புறம் தொடங்குகிறது. ‘கோ’ தட்டினால் தொடரும் என்று மெஷின் தானாகவே ஒரு வரி சொல்லும். டெர்மினல் சர்வர் செத்துக்கிடந்த அந்த இடைவெளியில் நான்கும் அதைச் சொல்லி முடித்திருக்கவேண்டும், கேட்க யாரும் இல்லை. அந்த வரி திரையில் இருந்திருந்தால் பையனே தட்டியிருப்பான். அவன் பார்த்தது வெறும் ஓகேவை. ஃபோனில் பேசியதற்கோ பதிவே கிடையாது.

கூட்டத்தில் மேலாளர் கேட்டபோது அவனே முந்திக்கொண்டான்: “நான் இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும் சார்.” அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். தாளை எழுதியது நான், நான்கை விட்டதும் நான் என்று சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன். “ஆமா, ப்ராம்ப்ட்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்” என்றுதான் வந்தது. பொய் இல்லை. சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்தான். ஒரு வாரம் கழித்து, பழைய நான்கைப் பற்றி மேலாளரிடம் தனியாகச் சொன்னேன். அவர் “அதான் சரியாயிருச்சே” என்றார். நான் சொன்னது சம்பவ அறிக்கையில் ஏறவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தாளைத் திருத்தினேன். லாகின் வந்தால் இது, ஓகே வந்தால் அது, பூட் என்று மட்டும் தட்டிவிடாதே, கோ தட்டு என்று விவரமாக எழுதினேன். நான்கு பழைய மெஷின்களின் கேபிள்களையும் டெர்மினல் சர்வரிலிருந்து பிடுங்கிவைத்தேன். தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம். கன்சோல் சர்வரின் நோக்கமே அதனால் பாதி போயிற்று என்று ஒருவர் சொன்னார், அதுவும் சரிதான்.

பையன் அங்கே இன்னும் இரண்டு வருடம் இருந்தான். நல்ல வேலைக்காரன். இரவு வேலைகளை முடித்துவிட்டு எத்தனையோ தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறான். எந்தெந்த மெஷினில் என்ன வருகிறது என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, “முடிஞ்சிருச்சுண்ணா” என்பான். நான் “ஓகேப்பா” என்பேன். அந்தச் சொல்லை அவன் என்னிடம் திரும்பச் சொல்லி நான் கேட்டதில்லை.