விறாந்தைச் சுவரில் இருந்த படம்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் மூன்று படங்கள் இருந்தன. நடுவில் பிள்ளையார். ஒரு பக்கம் தந்தை செல்வா என்று நாங்கள் அழைத்த தமிழ்த் தலைவர் செல்வநாயகம். மறுபக்கம் அண்ணன் அமிர், அதாவது அமிர்தலிங்கம். அந்த மூன்றாவது படத்தைக் கழற்றியவன் நான். அதை மறைத்துவிட்டு நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலருக்குக் கல்லூரி நினைவு என்று எதை எழுதினாலும் அது பாதி உண்மையாகவே இருக்கும்.

அப்பாப்பிள்ளை அமிர்தலிங்கம் 1927 ஆகஸ்ட் 26இல் பன்னாகத்தில் பிறந்தவர். ஊரில் மெய்கண்டான் பாடசாலையில் தொடங்கி, பிறகு நம் சுழிபுரம் விக்டோரியாக் கல்லூரிக்கு வந்தார். நாங்கள் படித்த காலத்தில் இதைச் சொல்லாத ஆசிரியரே இல்லை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தாலும் அவர் பெயர், பேச்சுப்போட்டியில் திக்கினாலும் அவர் பெயர். 1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் நடந்தது. அன்று தலையில் அடிபட்டவர், கட்டுப்போட்ட தலையோடு நாடாளுமன்றத்துக்குள் போய் அமர்ந்தார். அதை எங்கள் தமிழாசிரியர் புறநானூற்றுப் பாடல் ஒன்றை நடத்துகிற அதே குரலில் சொல்வார். அப்போது அவருக்கு 28 வயது. வட்டுக்கோட்டைத் தொகுதியின் புது உறுப்பினர். 1961 சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு பனாகொடை முகாமில் அவரும் அவர் துணைவியார் மங்கையர்க்கரசியும் தடுத்து வைக்கப்பட்டதும் அதே வகுப்பில் கேட்டதுதான்.

1976 மே 14. தமிழர் விடுதலைக் கூட்டணியின் முதல் மாநாடு பன்னாகத்தில் நடந்தது. தமிழருக்குத் தனிநாடு கேட்டு அங்கே எடுத்த முடிவை உலகம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று அறியும். எங்களுக்கு அது பக்கத்து ஊர்க் காரியம். தோரணம் கட்டினோம், வாளியில் தண்ணீர் சுமந்தோம், வந்தவர்களின் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினோம். தனிநாடு என்ற சொல்லின் பாரம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. பந்தலுக்குள் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது விளங்கியதா என்பதில் இன்றும் எனக்கு ஐயம் உண்டு. சில நாட்களில் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக அவரும் வி. என். நவரத்தினம், க. பொ. இரத்தினம், க. துரைரத்தினம் ஆகியோரும் கைதாகி, யூரிகள் இல்லாத ட்ரயல் அட் பார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். எதிரெதிர்க் கட்சித் தலைவர்களாக வாழ்ந்த செல்வநாயகமும் ஜி. ஜி. பொன்னம்பலமும் அந்த வழக்கில் ஒரே பக்கத்தில் நின்று வாதாடினார்கள். ஐயாவுக்கு (என் தகப்பனாரை அப்படித்தான் அழைப்போம்) அதைப் பத்திரிகையில் படித்தபோது கண் கலங்கியது.

அடுத்த ஆண்டுத் தேர்தல் கூட்டங்களில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டார்கள். என் வகுப்பில் இரண்டு வாங்கு தள்ளி இருந்தவன் சவர அலகால் பெருவிரலைக் கீறிக்கொண்டு வரிசையில் நின்றான். எனக்குத் துணிவு வரவில்லை. அவன் திரும்பி வந்தபோது அந்த விரலை நாங்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

தந்தை செல்வா ஏப்ரலில் மறைந்திருந்ததால் அண்ணன் அமிர் காங்கேசன்துறையில் போட்டியிட்டார். எங்கள் தொகுதியை விட்டுப் போகிறாரே என்று எங்களுக்கு மனக்குறை. கூட்டணி 18 இடங்களை வென்றது, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி எட்டோடு நின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தமிழர் ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. ஆனால் பெருவிரலைக் கீறியவர்கள் எதிர்பார்த்தது அந்த இருக்கையை அல்ல. தனிநாட்டுக்கு ஆணை கேட்ட தலைவர்கள் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் நின்றபோது அந்த இளைஞர்களின் பொறுமை அறுந்தது. அந்தத் தேர்தலை ஒட்டியே யாழ்ப்பாண நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. யாழ்ப்பாணத் தொகுதி உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் எரிந்தது. அதன் பிறகு சட்டம், சபை, பேச்சுவார்த்தை என்று எவர் வாய் திறந்தாலும் ஊரில் கேட்பதற்கு ஆளில்லை.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். 'துரோகி' என்ற சொல் எழுபதுகளின் கூட்டணி மேடைகளிலேயே எங்கள் காதுக்குப் பழகிவிட்டது. அந்த மேடைகளில் அண்ணன் அமிரும் இருந்தார். 1970இல் அவரை வட்டுக்கோட்டையில் தோற்கடித்த தியாகராஜா, காரைநகர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், 1981 மே மாதத்தில் சுடப்பட்டு இறந்தார். எங்கள் ஒழுங்கையில் அதற்காக எவரும் உரத்து வருந்தவில்லை. அந்தச் சொல் ஒரு நாள் சொன்னவர்கள் வாசலுக்கே வரும் என்று அன்று நாங்கள் நினைக்கவில்லை. அவர்மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத என் மனம் இடம் தரவில்லை.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஆகஸ்ட் 8இல் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்துக் கூட்டணியினர் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். அண்ணன் அமிர் சென்னைக்குப் போனார். போராளிகள் அவரைப் பாராளுமன்றக் கதிரைக்காக அலைபவர் என்றார்கள், கொழும்பு அவரைப் பிரிவினைவாதி என்றது. ஊரில் இல்லாத மனிதரைப் பற்றி எதையும் சொல்லலாம் அல்லவா? மதவுச் சுவரில் அவர் பெயரோடு 'துரோகி' என்ற அந்தச் சொல் தாரினால் எழுதப்பட்டது.

1984இல் ஒரு பின்னேரம், பெருவிரலைக் கீறிய அதே நண்பன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் அப்போது ஓர் இயக்கத்தில் இருந்தான். விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தவன் படத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றிரவே நான் படத்தைக் கழற்றி நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். காலையில் ஐயா வெறும் ஆணியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த நண்பனின் பெயரை எழுதவில்லை. அவனும் பிறகு உயிரோடு இல்லை.

1985 செப்டம்பரில் தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும் கொல்லப்பட்டார்கள். முன்னவர் மானிப்பாய்க்கும் பின்னவர் கோப்பாய்க்கும் உறுப்பினர்களாக இருந்தவர்கள். இருவரும் ஊரை விட்டுப் போகாமல் மக்களோடு இருந்தவர்கள். அண்ணன் அமிர் அப்போதும் பேச்சுவார்த்தை மேசையை விடவில்லை. அதற்கு முன்னர்தான் பேச்சுவார்த்தைக்காகப் பூட்டானின் திம்புவுக்குப் போய் வந்திருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கூட்டணித் தலைவர்களான சிவசிதம்பரம், சம்பந்தனுடன் சேர்ந்து கூட்டாட்சித் தீர்வு கேட்டு ராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதினார். நான் 1986இல் லண்டனுக்கு வந்துவிட்டேன். இங்கேயும் அவர் பெயரைச் சொல்லி வாதாட எனக்கு வாய் வரவில்லை. கூட்டங்களில் மற்றவர்கள் ஏசும்போது தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1989 தேர்தலில் மட்டக்களப்பில் நின்று தோற்று, தேசியப் பட்டியல் வழியாக மீண்டும் நாடாளுமன்றம் போனார். ஜூலை 13 மாலை, கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் புலிகள் இயக்கத்திலிருந்து பேச வருவதாகச் சொல்லி மூவர் வந்தார்கள். வருகிறவர்களைச் சோதிக்க வேண்டாம் என்று காவலர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. உபசரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே சுட்டார்கள். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் இறந்தார்கள், சிவசிதம்பரம் படுகாயத்தோடு பிழைத்தார். வந்த மூவரையும் அங்கிருந்த சிங்களக் காவலர் சுட்டு வீழ்த்தினார். அண்ணன் அமிருக்கு அப்போது வயது 61. 56இல் அவரைக் கல்லால் அடித்தது சிங்களக் கும்பல், 89இல் சுட்டது தமிழ்க் கை. இதை எழுதும்போது இன்றும் என் கை நின்று விடுகிறது.

கணவனை அந்த மாலையில் இழந்த சரோஜினி யோகேஸ்வரன் 1998இல் யாழ்ப்பாண மேயரானார். சில மாதங்களில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மங்கையர்க்கரசி அம்மையார் நம்மிடையே லண்டனில் வாழ்ந்து 2016 மார்ச்சில் காலமானார். கூட்டங்களில் அவர் பாடியதைச் சிறுவனாகக் கேட்டவன் நான். இதே நகரில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் ஒரு நாளும் அவர் கதவைத் தட்டவில்லை. வெட்கம் விடவில்லை.

ஐயாவின் கடிதம் 1989 ஆகஸ்டில் வந்தது. மழை, வெங்காயம், தங்கையின் சம்பந்தம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், படத்தை எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டியிருப்பதாக ஒரு வரி. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது சைக்கிளில் ஏற்ற முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, படமும் இல்லை.

அவர் நம் கல்லூரியில் படித்த நாற்பதுகளின் வகுப்புப் படம் ஏதாவது எந்தக் குடும்பத்திலாவது தப்பியிருக்கலாம். பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கிடைத்தால் ஒரு பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சட்டம் போடும் செலவை நான் ஏற்கிறேன்.