செல் நிற்குமா, சாகுமா: பி53 நாட்குறிப்பு

மார்ச் 4

டிஎன்ஏ-வை அறுக்கும் புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினைக் கொடுத்த மார்பகப் புற்றுநோய் செல்களின் வெஸ்டர்ன் பிளாட் படம் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) இன்று வந்தது. மருந்து படாத செல்களில், புற்றுநோயைத் தடுக்கும் புரதமான பி53 இருப்பதே தெரியவில்லை. மருந்து பட்டவற்றில் கன்னங்கரேலென்று தடித்த பட்டை. பி53-இன் 15-ஆவது அமினோ அமிலமான செரீனில் (செரீன் 15) பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியிலும் அப்படியே. எத்தனை முறை படித்திருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது.

சாதாரணமாக எம்டிஎம்2 என்ற புரதம் பி53-ஐப் பிடித்து, 'அழி' என்று அடையாளமிடும் யூபிகுவிடினை ஒட்டி, உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடும். டிஎன்ஏ அறுந்தால் ஏடிஎம் என்ற நொதி செரீன் 15-இலும் சிஎச்கே2 என்ற நொதி செரீன் 20-இலும் பாஸ்பேட் ஏற்றுகின்றன. எம்டிஎம்2-வின் பிடி தளர்கிறது, பி53 சேரத் தொடங்குகிறது.

மார்ச் 7

சரி, சேர்ந்த பி53 என்ன செய்யும்? செல்லை நிறுத்திப் பழுதுபார்க்க விடுமா, கொன்றுவிடுமா? எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

பி300 என்ற நொதி பி53-இன் வால்பகுதியிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களில் அசிடைல் என்ற சிறு வேதித்தொகுதியை ஏற்றுவதை 1997-இல் வெய் கூவும் ராபர்ட் ரோடரும் காட்டினார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது டிஎன்ஏ-வைப் பிடிக்கும் பகுதியிலுள்ள லைசின் 120. அங்கே டிப்60 என்ற நொதி அசிடைல் ஏற்றுகிறது. 2006-இல் அந்த லைசினை ஆர்ஜினின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்தார்கள். ஆர்ஜினினில் அசிடைல் ஏறாது. செல் பிரிவதை நிறுத்தும் பி21 மரபணு வழக்கம்போல இயங்கியது, செல் பிரியாமல் நின்றது. ஆனால் சாவைத் தூண்டும் பியூமா மரபணு சரியாக எழவில்லை. 393 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று!

மார்ச் 8

நாள் முழுக்க செல் வளர்ப்பு வேலை. படிக்க நேரமில்லை.

மார்ச் 12

வெய் கூவின் குழு 2012-இல் வெளியிட்ட எலி ஆய்வை மறுபடி படித்தேன். பி53-இன் அதே டிஎன்ஏ பிடிக்கும் பகுதியில் மூன்று லைசின்களை ஆர்ஜினினாக மாற்றிய எலிகள் அவை. செல் நிற்பதும் போயிற்று, சாவதும் போயிற்று, மூப்படைவதும் போயிற்று. பி53 அறவே இல்லாத எலிகளைப் போல இவையும் சின்ன வயதிலேயே நிணநீர்ப் புற்றுநோயில் சாக வேண்டும் அல்லவா? சாகவில்லை. வளர்சிதை மாற்ற மரபணுக்கள் சில இன்னும் பி53-இன் பிடியில்தான் இருந்தன.

அப்புறம் 2015-இல் இன்னொன்று தெரிந்தது. மூன்று லைசின்கள் மாறிய இந்த பி53-ஆல், செல்லைக் காக்கும் எஸ்எல்சி7ஏ11 மரபணுவை அடக்க முடிகிறது. இரும்பைச் சார்ந்த செல் சாவான ஃபெரோப்டோசிஸுக்கு அதனால் வழி திறக்கிறது. 2016-இல் எலியின் லைசின் 98-ஐயும் சேர்த்து மாற்றியதும் அந்தத் திறனும் போய்விட்டது.

பி21, பியூமா இரண்டை மட்டும் அளந்துவிட்டு 'பி53 வேலை செய்கிறது, செய்யவில்லை' என்று எழுதுவது போதாது என்பதே என் கருத்து. அடுத்த பிளாட்டுக்கான பட்டியலில் எஸ்எல்சி7ஏ11 ஆன்டிபாடியையும் சேர்த்துவிட்டேன்.